பூட்டனுக்கு அப்பால்

தகப்பன், பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேல்நோக்கி ஏறுவதற்குத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. ஆட்கள்தாம் இல்லை. தருமபுரிப் பக்கத்தில் எந்தக் கிராமத்திலும் அறுபது வயதுக் குடியானவர் ஒருவரிடம் கேட்டால் பாட்டன் பெயர் உடனே வந்துவிடும். பூட்டன் பெயர் சற்று யோசனைக்குப் பிறகு, அநேகமாக ஒரு பட்டப்பெயராக, வரும். அதற்கு மேலும் கேட்டால் 'எல்லாம் பெரியவங்க' என்று வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிடுவார். ஒரு நூறு, நூற்றிருபது வருஷத்தோடு வம்சம் முடிந்துபோகிறது. அதற்குமேல் இருப்பது தெய்வம்.

இதை ஞாபகக் குறைவு என்று சொல்வது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. பேரன் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் — பெயரன், பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். முனியன் மகன் மாரி, மாரி மகன் முனியன், அந்த முனியன் மகன் மறுபடி மாரி. காலம் நேர்கோடாக ஓடவில்லை. இரண்டு பெயர்களுக்கு நடுவே செக்கு மாதிரி சுற்றுகிறது. 'மாரி மகன் முனியன்' என்று ஒரு பழைய பத்திரத்தில் கண்டால் அது இந்த முனியனா, இவனுக்குப் பாட்டனான முனியனா என்று சொல்ல முடியாது. செத்தவன் திரும்பி வரவேண்டும் என்ற ஆசையில் செய்த ஏற்பாடு, செத்தவனை அடையாளம் காணமுடியாதபடி செய்துவிட்டது. ஐரோப்பியனுக்கு இருப்பதுபோலத் தலைமுறைகளைக் கோத்துவைக்கும் குடும்பப்பெயரும் நமக்கு இல்லை. நம்முடைய இனிஷியல் ஒரே ஒரு தலைமுறையைத்தான் சுமக்கும். மகன் காலத்தில் அது உதிர்ந்துவிடும்.

இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் நம்மிடையே கண்டுபிடித்திருக்கும் சுலபமான உபாயம், தாண்டிக் குதிப்பது. ஜாதிச் சங்க மலர்களைப் புரட்டினால் தெரியும். கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரியாதவர்கள் அதியமானுக்கோ பல்லவனுக்கோ வம்சாவளி எழுதிவிடுகிறார்கள். நடுவில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் வருஷம் காலியாகக் கிடப்பதைப்பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. இது வெறும் அசட்டுப் பெருமையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அரச வம்சம் என்று எழுதிக்கொண்டவுடன் பக்கத்துச் சேரிக்காரன் அந்த அரசனுக்கு அடிமையாக இருந்தவனின் வம்சமாகிவிடுகிறான். கற்பனையான பாட்டன் நிஜமான பக்கத்து வீட்டானை மிதிக்கப் பயன்படுகிறான். ஆகவே வம்சம் தேடுவதில் எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பது சோம்பேறிகளின் பொழுதுபோக்குச் சமாசாரமாக எனக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் போய்ச் சேர விரும்பும் அதியமானுக்கே இந்தச் சங்கடம் உண்டு. தகடூரை ஆண்ட அஞ்சியின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவை பாடியிருக்கிறாள். கரும்பு வந்தது தெரிகிறது. கொண்டுவந்த அந்த முன்னோருக்குப் பெயர் இல்லை. அவளுக்கும் அது 'பெரியவங்க'தான்.

அசோகனின் இரண்டாவது பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சதியபுதோ என்று ஒருவனையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சாசனங்கள் 1830களின் பிற்பகுதியில் படிக்கப்பட்டன. அதன்பின் சுமார் 140 வருஷம் அவன் யார் என்பதில் முடிவு ஏற்படவில்லை. காஞ்சிபுரம் என்றார்கள், கோசர் என்றார்கள், மராட்டியத்துச் சாத்புதே என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். அதியமானாக இருக்கலாம் என்று ஊகித்தவர்களும் இருந்தார்கள். கையில் ஆதாரம் இல்லை. 1981ல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் ஒரு குகைப்பாறையில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி அகப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி இது என்பது அதன் பொருள். இந்தக் கண்டுபிடிப்பில் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. விடை தகடூரில் கிடைக்கவில்லை. அரண்மனைப் பட்டியலிலும் கிடைக்கவில்லை. வேறு ஊரில், துறவிகளுக்குப் படுக்க இடம் கொடுத்த ஒரு சிறு தர்ம காரியத்தின் ரசீதில் கிடைத்தது.

இதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலான பிற்காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டி, தகடூருக்குத் தலைவனாக இருந்தவன் விடுகாதழகிய பெருமாள். போளூருக்குப் பக்கத்துத் திருமலையில் சமணக் கோயில் ஒன்றில் பழுதுபட்டுக் கிடந்த யக்ஷன், யக்ஷி உருவங்களை அவன் புதுப்பித்தான். கல்வெட்டும் வெட்டிவைத்தான். சேர வம்சத்து எழினி செய்வித்தவை இவை. எழினியின் வழியில் வந்தவன், ராஜராஜ அதிகனின் மகன், நான் இவற்றைச் சரிசெய்தேன் என்கிறான். அதாவது தகப்பன் பெயர் தெரிகிறது, ஆதிபுருஷன் பெயர் தெரிகிறது. இடையில் ஒருவரும் இல்லை. இடைக்காலத்தில் தகடூரை நுளம்பர்கள் ஆண்டிருக்கிறார்கள், சோழர்கள் வந்திருக்கிறார்கள், அதியமான்கள் சோழர்களுக்குக் கீழே தலைக்காட்டில் காவல் நின்று ஹொய்சளரிடம் தோற்றிருக்கிறார்கள். எல்லாம் போய்விட்டது. ஜாதிச் சங்க மலரின் முதல் பதிப்பு திருமலைக் கல்வெட்டுதான் என்று சொன்னால் சாசன ஆராய்ச்சியாளர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

அரசர்களை விட்டுவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் முழுவதும் சாதாரண மனிதர்களின் பெயர்கள் கல்லில் கிடக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972லும், 'தருமபுரிக் கல்வெட்டுகள்' 1975லும் வந்தபோதுதான் இதன் பரிமாணம் வெளியே தெரிந்தது. பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகளைக் குறித்து வட்டெழுத்தில் வெட்டிய கற்கள் இவற்றில் ஏராளம். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை யார் கொண்டார்கள், அதை மீட்கப்போய் எவன் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. அவ்வளவுதான் விஷயம். சிலவற்றில் 'இன்னார் மகன்' என்று தகப்பன் பெயர்கூட உண்டு.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கொள்ளலாம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய்ச் செத்தான். பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து நின்று காத்தது என்று அதற்கும் தனியாக வாசகம் உண்டு. பெயரும் உண்டு, கோவிவன். பதின்மூன்று நூற்றாண்டுக்கு முந்திய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே வட்டாரத்தில் 1850ல் உயிரோடிருந்த ஒருவரின் மனைவி பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தக் கற்கள் இன்றைக்கும் கும்பிடப்படுகின்றன. பெரும்பாலும் வேடியப்பன் என்ற பெயரில். பல குடும்பங்களுக்கு அவன் குலதெய்வம். எண்ணெயும் மஞ்சளும் தலைமுறை தலைமுறையாகப் பூசி எழுத்து மூடிக்கிடக்கும் கற்கள் பல. எழுத்து தெரிந்தாலும் கும்பிடுகிறவர்களால் வட்டெழுத்தைப் படிக்கமுடியாது. கல்லில் பெயர் இருக்கிறது, சந்ததி பற்றிப் பேச்சில்லை. வெளியே கற்பூரம் கொளுத்துகிற சந்ததி இருக்கிறது, பெயர் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம் எண்ணெய்ப் பிசுக்கு. சுரண்டிப் படித்துவிட்டால் இணைந்துவிடுமா? இணையாது. கும்பிடுகிறவன் அந்த வீரனின் ரத்த வாரிசாக இருக்கலாம். அந்த வீரன் காத்த ஊருக்குப் பின்னால் குடியேறியவனாகவும் இருக்கலாம். தெய்வம் ஊரோடு சேர்ந்து கிடைத்ததா, ரத்தத்தோடு வந்ததா என்று கல் சொல்லாது. அது அதனுடைய வேலை இல்லை. செத்தவனுக்குச் சோறும் கள்ளும் படைக்க ஓர் இடம் வேண்டும், அதற்காக நட்டது.

ஆவணம் என்பது மனிதனை முழுசாக எழுதுவதில்லை என்பது இங்கே பிரத்யட்சமாகிறது. தனக்கு அவன் எந்த நிலையில் தேவைப்பட்டானோ அந்த நிலையில் மட்டும் பிடித்துவைக்கிறது. நடுகல்லுக்கு அவன் செத்திருக்கவேண்டும். அடுத்து வந்த காகிதத்துக்கு அவன் வரி கட்டவேண்டும்.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்ஸாண்டர் ரீட் பொறுப்பேற்றார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர்களில் ஒருவராக ஏழு வருஷம் இந்தப் பிரதேசத்தில் கழித்தார். ஜமீன்தார் இல்லாமல் குடியானவனோடு நேராகவே சர்க்கார் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. வம்சம் தேடுகிறவனுக்கு இது பெரிய அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். ஜமீன் பிரதேசத்தில் ஜமீன்தாரின் பெயரோடு நின்றுபோகிற சர்க்கார் காகிதம் இங்கே வயல் வயலாக இறங்கி, உழுகிறவனின் பெயர்வரை வந்துவிட்டது. பாராமகால் ஆவணங்கள் என்று சென்னை அரசாங்கம் 1907 முதல் பகுதி பகுதியாக அச்சிட்டவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கக் கிடைக்கும். பின்னால் நில அளவை, செட்டில்மெண்ட், பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதம் பெருகியது. 1860களிலிருந்து பத்திரப் பதிவும் சேர்ந்துகொண்டது.

ஆனால் பட்டாதாரனின் பெயர்தான். அவன் நிலத்தில் பண்ணைவேலை செய்தவனின் பெயர் வராது. வாரத்துக்கு உழுதவன் பெயர் வராது. புருஷன் உயிரோடிருக்கும்வரை பெண்ணின் பெயர் அபூர்வம். விதவையானால்தான் பதிவேட்டில் பிறக்கிறாள்.

இன்னொன்று 1876-78ன் தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். தருமபுரி அப்போது அதில் அடக்கம். 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷப் பிறப்புகளையும் சேர்த்து எண்ணிய பிறகும் மூன்றரை லட்சம் பேருக்குமேல் காணோம். இவர்களில் செத்தவர் எத்தனை, ஓடியவர் எத்தனை என்று எந்தக் குடும்பத்துக்கும் பதிவேடு கிடையாது. பல குடும்பங்களின் ஞாபகம் தாது வருஷத்துக்கு இந்தப்பக்கமே தொடங்குவது தற்செயலாக இருக்கமுடியாது. பூட்டன் பெயர் தெரியாது என்று சொல்கிறவரிடம் பஞ்சத்துக் கதை கேட்டால் 'கத்தாழைக் கிழங்கு தின்னாங்களாம்' என்று வருகிறது. யார் தின்றார்கள் என்பது வருவதில்லை.

ஆகவே மேலே ஏறுகிற பாதை அடைபட்டுவிடுகிறது. இங்கேதான் பெரும்பாலோர் தேடலைக் கைவிடுகிறார்கள், அல்லது அதியமானிடம் குதிக்கிறார்கள். செய்யக்கூடியது இன்னொன்று உண்டு. பக்கவாட்டில் திரும்புவது.

ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். எழுதிக்கொடுத்தவன், எழுதி வாங்கியவன் இருவரையும் பார்த்துவிட்டுப் பத்திரத்தைக் கீழே வைத்துவிடுகிறோம். சரக்கு இருப்பது நான்கெல்லையில். 'இன்னானுடைய புஞ்சைக்கு மேற்கு, இன்னானுடைய கிணற்றுக்கு வடக்கு' என்று வரும் அந்த அயலான்கள் யார்? நிலம் பாகம் பிரியும்போது அண்ணன் தம்பிகளுக்கு அடுத்தடுத்து விழுகிறது. இரண்டு தலைமுறை போனபின் எல்லைக்காரன் என்று எழுதப்படுகிறவன் பல சமயம் பங்காளி. நம் ஆள் பத்திரமே எழுதாதவனாக இருந்தாலும் மற்றவன் பத்திரத்தில் எல்லையாக நிற்பான். சொந்தமாக எதையும் விற்காத, வாங்காத, வழக்காடாத ஒரு மனிதன் சரித்திரத்தில் இடம்பெற இதைவிட வேறு வாசல் ரொம்பக் குறைவு.

இந்த நான்கெல்லைகளையெல்லாம் தலைக்குள் வைத்திருந்தவர் கர்ணம். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அதிகாரமும் லஞ்சமும் ஒரே குடும்பத்தில் உறைந்துகிடந்த அந்த ஏற்பாடு போனது நல்லதே. அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. எழுதின கணக்குகள் தாலுகா ஆபீசுக்குப் போயின. எழுதாத கணக்கு அவர்களோடு போனது. தேடுகிறவன் இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல். அதற்கு முந்திய காகிதம் சேலத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் பிரிந்தது. தேடுகிற பாட்டன் நகராமல் ஒரே ஊரில் செத்திருப்பார். அவருடைய ஜில்லா நகர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

போனவர்கள் கதை வேறு. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. சேலம் ஜில்லா என்ற குறிப்பு அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய விவரங்கள் இவை. அதனால் ஒரு விபரீதம் நேர்ந்திருக்கிறது. ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் ஊர் எழுதப்பட்டிருக்கிறது. இடது கன்னத்தில் தழும்பு இருந்தது வரை அவனைப்பற்றித் தெரியும். ஊரிலேயே தங்கிவிட்ட அவன் தம்பிக்கு முகம் கிடையாது. டர்பனிலிருந்து ஊர் தேடி வருகிறவர்களுக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய கிராமப் பெயரை நாலைந்து ஊர்களோடு பொருத்தலாம். இந்தப் பக்கத்தில் 'பட்டி' என்றும் 'அள்ளி' என்றும் முடியாத ஊர் எத்தனை இருக்கிறது? ஆனாலும் அவர்கள் கையில் ஒரு தகப்பன் பெயரும், ஒரு தாலுகாவும் இருக்கின்றன. நம் கையில் இருப்பதைவிட அதிகம்.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளோடு போனவர்களுக்கு அதுவும் இல்லை. கும்பலாகப் போனார்கள். சேலம் ஜில்லா அங்கேயும் முக்கியமான ஆள்பிடிக்கும் இடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தது, எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவன் என்பதை எண்ணில் சொல்லும் ஒரு தகர வில்லை. இலங்கையின் 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் இவர்களின் சந்ததியிடம் கேட்ட கேள்வியை அப்படியே தமிழில் வைத்துப் பார்க்கவேண்டும். இலங்கையில் பிறந்தவனுக்கு, அவன் தகப்பன் அங்கே பிறந்திருக்கவேண்டும்; இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும். நிரூபி. வம்சாவளி என்ற சமாசாரம் பெருமையோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிறப்பைப் பதியாத லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்று கேட்டு, இல்லையென்றதும் நாடற்றவனாக்கினார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கு போட்டுக்கொண்டன. தாயகம் திரும்பியோர் என்று முத்திரை குத்தி இங்கே அனுப்பப்பட்டவர்களில் பலர் கண்ணால் பார்த்திராத ஓர் ஊரைச் சொந்த ஊர் என்று படிவத்தில் எழுதவேண்டியிருந்தது. அந்த ஊரிலும் அவர்களை யாருக்கும் தெரியாது. இங்கேயும் பூட்டன் ஞாபகம் அவ்வளவுதானே.

இந்த மாதிரி இடத்தில் எது உதவுகிறது? காகிதமற்ற கணக்குகள்தாம். சாவுத் தீட்டு யாருக்கு யார் காக்கிறார்கள் என்று பார்த்தால் பங்காளி வட்டம் கிடைக்கும். ஏன் காக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாமலிருக்கலாம். 'அந்த வூட்டுக்கும் எங்களுக்கும் தீட்டு உண்டு, பொண்ணு எடுக்கமாட்டோம்' என்பார்கள். பெயர் மறந்துபோன ஒரு பொதுப் பாட்டனின் மிச்சம் அந்த வாக்கியம். அப்புறம் குலதெய்வம். இடம்பெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புது ஊரில் தெய்வத்தை வைப்பது வழக்கம். மண் எங்கே எடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால் ஒன்று, இரண்டு இடம் பின்னால் போகலாம். சில குடும்பங்களுக்கு அது காவிரிக்கு அந்தப்பக்கம் கன்னட தேசத்துக்குப் போகும். சிலருக்குக் குப்பத்தின் பக்கம் ஆந்திராவுக்கு. வீட்டில் பேசுகிற பாஷை ஒன்று, சாமியைக் கூப்பிடுகிற பாஷை வேறொன்று என்றிருந்தால் நல்ல துப்பு. ஆதி தமிழ்க்குடி என்று மலர் போட்டவர்களுக்கு இந்தத் துப்பு ரசிக்காது.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது கிழவிகளை. ஆண்களிடம் போய் உங்கள் முன்னோர் யார் என்று கேட்டால் ஒரே ஒரு வரிசையைச் சொல்லி, மூன்றாவது பெயரில் நிற்கிறார்கள். அவர்கள் மனைவிமாருக்கு அந்த வரிசையில் பாத்தியதை கிடையாது, அதனால் அதைப் பாதுகாக்க வேண்டிய கவலையும் இல்லை. யார் எந்த ஊரிலிருந்து வந்தாள், யாருக்கு எது இரண்டாம் தாரம், எந்தப் பிள்ளை பால்குடி மறக்குமுன் போனது, எவள் கோபித்துக்கொண்டு போய்ப் பிறந்த வீட்டிலேயே செத்தாள் — இந்தக் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. பெயர் கேட்டால் பெயராக வராது, ஊராக வரும்: பாப்பாரப்பட்டியா, அரூராரா, பென்னாகரத்தாளா. மாமியார் எந்த ஊர், மாமியாருக்கு மாமியார் எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டால் மூன்று ஊர் கிடைக்கும். அந்த மூன்று ஊரிலும் அண்ணன் தம்பி வகையறா இருப்பார்கள், அவர்கள் நிலம் இருக்கும், நிலத்துக்கு நான்கெல்லை இருக்கும்.